உருமாறியவர்கள் ஏன் பேச முடியாமல் போகிறார்கள்?

ஆற்றங்கரையில் ஒரு பசு நிற்கிறது. எதிரே நிற்கும் முதியவர் புல்லைப் பறித்து அதன் வாயருகே நீட்டுகிறார். பசு அவருடைய கையை நக்குகிறது, உள்ளங்கையில் முத்தமிடுகிறது, கண்ணீர் விடுகிறது. அவர்தான் அதைப் பெற்ற தந்தை. தான் இன்னார் என்று சொல்ல அதற்கு வழியில்லை. கடைசியில் குளம்பால் மண்ணைக் கீறி எழுத்தாக்கிக் காட்டுகிறது. தந்தை அதைப் படிக்கிறார். உலகெங்கும் தேடிய மகள் இவள்தான் என்று தெரிந்ததும், அதன் கொம்பையும் கழுத்தையும் கட்டிக்கொண்டு கதறுகிறார்.

அந்தப் பசுவின் பெயர் ஈயோ. லத்தீனில் இரண்டே எழுத்து. குளம்பாலும் எழுதிவிடக்கூடிய பெயர். ரோமானியத் தேவர்களின் அரசன் ஜூபிட்டர் அவளைக் கவர்ந்தான். மனைவி ஜூனோவிடம் அகப்படாமல் இருக்க அவளைப் பசுவாக்கி மறைத்தான். குறை சொல்ல வாய் திறந்தவள், தன் தொண்டையிலிருந்து எழுந்த பசுவின் குரலைக் கேட்டுத் தானே நடுங்கினாள் என்கிறார் ரோமானியக் கவிஞர் ஓவிட். உருமாற்றத்தைப் பற்றி உலகில் எழுதப்பட்டவற்றுள் மிகப் பெரிய நூல் அவருடையது: பதினைந்து காண்டங்கள், ஏறக்குறைய 12,000 அடிகள், சுமார் 250 கதைகள். கி.பி. 8 வாக்கில் அவர் அதை எழுதி முடித்தார். ஐரோப்பிய ஓவியர்களும் சிற்பிகளும் நாடக ஆசிரியர்களும் அடுத்த ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஒரு நூலில் மீண்டும் மீண்டும் நீர் மொண்டார்கள்.

உருமாற்றக் கதை என்றதும் நம் மனம் உடலில் போய் நிற்கிறது. கொம்பு முளைக்கிறது, தோல் பட்டையாகிறது, கை சிறகாகிறது. வியப்பு அங்கேதான். வலி எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலான கதைகளில் அது தொண்டையில் இருக்கிறது. உள்ளே மனம் பழையபடியே விழித்திருக்கிறது. வெளியே அதைக் கேட்க ஒருவரும் இல்லை. இந்த ஒரு நிலைமையைச் சொல்லத்தான் மனிதர்கள் இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக மரமாகவும் மானாகவும் பூச்சியாகவும் கல்லாகவும் மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

தமிழ் இலக்கணம் சொற்கள் புணரும்போது நேரும் மாற்றத்தை மூன்றாகப் பிரிக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேர்ந்தால் பூங்கொடி. அங்கே ஓர் எழுத்து புதிதாகத் தோன்றுகிறது. பொன்னும் குடமும் பொற்குடமாகையில் ஓர் எழுத்து திரிகிறது. மரமும் வேரும் மரவேராகையில் ஓர் எழுத்து கெட்டுப்போகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த இந்த மூன்று சொற்களும் உருமாற்றக் கதைகளுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று பின்னாளில்தான் உறைத்தது. கொம்பு தோன்றுகிறது, கை திரிகிறது, குரல் கெடுகிறது.

இது தற்செயலாக நேர்வதும் இல்லை. ஜூபிட்டர் கவர்ந்த மற்றொருத்தியான கலிஸ்டோவைக் கரடியாக்கும்போது ஜூனோ ஏன் அவளுடைய பேச்சைப் பறிக்கிறாள் என்பதற்கு ஓவிட் காரணமே சொல்லிவிடுகிறார்: அவளுடைய கெஞ்சல் யாருடைய மனதையும் இளக்கிவிடக் கூடாது என்பதற்காக. அடுத்த அடிகளில், கரடியான பின்னும் அவளுடைய பழைய மனம் அப்படியே இருந்தது என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் தண்டனையின் முழு வடிவம் தெரியும். மனத்தையும் சேர்த்து எடுத்திருந்தால் அது விடுதலையாகியிருக்கும்.

அக்டேயானின் கதையில் இது உச்சத்தைத் தொடுகிறது. வேட்டைக்குப் போனவன் வழிதவறி, வேட்டைத் தெய்வமான டயானா நீராடுவதைப் பார்த்துவிடுகிறான். அவள் அவனை மானாக்குகிறாள். அவனுடைய சொந்த நாய்களே அவனைத் துரத்துகின்றன. ‘நான்தான் அக்டேயான், உங்கள் எஜமானன்’ என்று கத்த நினைக்கிறான், சொல் வரவில்லை. நாய்கள் அவனைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது அவனுடைய தோழர்கள், இப்படியொரு வேட்டையைக் காண அவன் அருகில் இல்லையே என்று அவன் பெயரைச் சொல்லிக் கூவுகிறார்கள். பெயரைக் கேட்டதும் மான் தலையைத் திருப்புகிறது. அந்த ஒரு தலைத்திருப்பலை எழுதியவர் பெருங்கவிஞர் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஓவிடுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பின்னால் வந்த அபூலியஸ் இதே நிலைமையைச் சிரிக்கவைக்கும் கதையாக்கினார். முழுமையாக நமக்குக் கிடைத்த ஒரே லத்தீன் நாவல் அவருடையது. பறவையாக ஆசைப்பட்ட லூசியஸ், தவறான தைலத்தைப் பூசிக்கொண்டு கழுதையாகிவிடுகிறான். திருடர்கள் அவனை ஓட்டிச் செல்லும்போது, சந்தைக் கூட்டத்தின் நடுவே பேரரசர் பெயரைச் சொல்லி அபயம் கேட்க முயல்கிறான். ‘ஓ’ என்ற விளி மட்டும் உரக்க வருகிறது. ‘சீசர்’ என்ற பெயர் வரவில்லை. சிரிப்பு அடங்கிய பின் யோசித்தால், கழுதையின் முதுகில் விழும் அடிகள் எல்லாம் அன்றைய அடிமை ஒருவனின் முதுகில் விழுந்தவைதான் என்பது புரியும். பேசத் தெரிந்த, பேச விடப்படாத உயிர்.

ஓவியமும் சிற்பமும் இயல்பிலேயே ஊமைக் கலைகள். குரல் போவதை அவை எப்படிக் காட்டும்? இத்தாலிய ஓவியர் டிஷியன் தம் முதுமையில் வரைந்த அக்டேயானின் மரணம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதில் அக்டேயானின் உடல் மனித உடலாகவே இருக்கிறது; தலை மட்டும் மான். கால்கள் குளம்பாகவில்லை, தோலில் புள்ளிகள் இல்லை. மாற்றத்தைப் பாதியில் நிறுத்திக்காட்ட வேண்டிய ஓவியர், எந்தப் பாதியை முதலில் எடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். டிஷியன் வாயை எடுத்துக்கொண்டார்.

பெர்னினியின் ‘அப்பல்லோவும் டாஃப்னியும்’ இதற்கு எதிர்த்திசையில் போகிறது. 1622க்கும் 1625க்கும் இடையில், இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர் செதுக்கிய வெண்பளிங்குச் சிற்பம். ரோமின் போர்கேசே காட்சியகத்தில் இருக்கிறது. துரத்திவரும் அப்பல்லோ தேவனிடமிருந்து தப்ப டாஃப்னி தன் தந்தையான நதித்தேவனை வேண்டுகிறாள், மரமாகிறாள். பெர்னினிக்கு முன் போல்லாய்வோலோ வரைந்த ஓவியத்தில் அவளுடைய இரண்டு தோள்களிலிருந்தும் இரண்டு புதர்கள் எழுந்து நிற்கும், யாரோ கொண்டுவந்து ஒட்டிவைத்ததுபோல. பெர்னினியோ மாறும் கணத்தையே பிடித்துவிட்டார். விரல் நுனிகள் இலைகளாக மெலிகின்றன, பாதத்தின் விரல்கள் வேராக இறங்குகின்றன, இடுப்பைப் பட்டை சுற்றுகிறது. ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் செதுக்கிய அந்த இலைகளில் அவருடைய உதவியாளர் ஜூலியானோ ஃபினெல்லியின் உளிக்கும் பங்குண்டு. இத்தனைக்கும் நடுவில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவளுடைய வாயை. அது திறந்திருக்கிறது. பட்டை இன்னும் அங்கே ஏறவில்லை. அவளுடைய கடைசிக் கூவல் நானூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது.

ஓவிடின் கவிதையில் அடுத்து நடப்பதை இந்தச் சிற்பம் காட்டுவதில்லை. மரமாகிவிட்டவளின் பட்டைக்கு அடியில் இதயம் இன்னும் துடிப்பதை அப்பல்லோ கைவைத்து உணர்கிறான். மனைவியாக முடியாவிட்டால் நீ என் மரமாவாய், உன் இலைகளை என் முடியில் சூடிக்கொள்வேன் என்கிறான். புதிய கிளைகளை அசைத்து, தலையாட்டுவதுபோல மரம் தன் உச்சியை ஆட்டியதாகத் ‘தோன்றியது’ என்று அந்தப் பகுதி முடிகிறது. யாருக்குத் தோன்றியது? காற்றில் மரம் அசைந்ததை அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான். பேச முடியாதவளின் சார்பில் பதில் சொல்லிக்கொள்வது எவ்வளவு எளிது என்பதை ஒரே வினைச்சொல்லில் வைத்துவிட்டுப் போகிறார் கவிஞர்.

இயற்கையில் உண்மையாகவே நடக்கும் உருமாற்றத்தை மனிதர்கள் உற்றுப் பார்க்கத் தொடங்கியதும் பெர்னினி வாழ்ந்த அதே பதினேழாம் நூற்றாண்டில்தான். புழுவும் பட்டாம்பூச்சியும் ஒரே உயிரா, ஒன்று செத்து மற்றொன்று பிறக்கிறதா என்பது அப்போது மெய்யான கேள்வி. டச்சு ஆய்வாளர் யான் ஸ்வாமர்டாம் 1669இல் வெளியிட்ட நூலில், பூச்சிகள் படிப்படியாக வளர்ந்து உருமாறும் ஒரே உயிர்தான் என்று வாதிட்டார். பட்டாம்பூச்சியின் உறுப்புகள் புழுவின் தோலுக்கடியிலேயே உருவாகியிருப்பதை அறுத்துக் காட்டினார். ஓவியர் மரியா சிபில்லா மேரியன் 1699இல், ஐம்பதைத் தாண்டிய வயதில், மகளை அழைத்துக்கொண்டு சூரினாமுக்குக் கப்பலேறினார். 1705இல் அவர் வெளியிட்ட நூலின் 60 ஓவியத் தகடுகளில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பறக்கும் பூச்சி எல்லாம் அவை உண்ணும் செடியிலேயே ஒன்றாக இருக்கும். காலத்தை ஒரே தாளில் விரித்துவைத்த ஓவியங்கள் அவை.

இதில் என்னை நிறுத்திவைத்த செய்தி ஒன்று பிற்காலத்தது. 2008இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு குறிப்பிட்ட வாசனை வந்தால் விலகிப்போகும்படி விட்டில் புழுக்களைப் பழக்கினார்கள். கூட்டுக்குள் அவற்றின் உடல் பெரும்பகுதி கரைந்து மறுபடி கட்டப்பட்டது. வெளியே வந்த விட்டில்களில், புழுப்பருவத்தின் கடைசிக் கட்டத்தில் பழக்கப்பட்டவை அந்த வாசனையை இன்னும் வெறுத்தன. ‘பழைய மனம் அப்படியே இருந்தது’ என்ற ஓவிடின் அடி எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

இப்போது காஃப்கா. அவருடைய ஜெர்மன் கதை ‘உருமாற்றம்’ 1912இன் இறுதியில் எழுதப்பட்டு 1915இல் வெளியானது. துணி வியாபாரப் பிரதிநிதி கிரெகோர் சம்சா ஒரு காலையில் கண்விழிக்கும்போது பெரிய பூச்சியாக மாறியிருக்கிறான். சாபம் இட்ட கடவுள் இல்லை, காரணமும் இல்லை. பழைய கதைகளில் கடைசியில் வரும் மாற்றம் இங்கே முதல் வாக்கியத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதிக் கதை முழுவதும் அந்த வீடு அவனை எப்படிக் கேட்கிறது, எப்படிக் கேட்க மறுக்கிறது என்பதுதான். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து அவன் நீண்ட விளக்கம் தருகிறான். வெளியே நிற்கும் அலுவலக மேலாளர், அது மிருகத்தின் குரல் என்கிறார். அவனுக்குத் தன் சொற்கள் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கின்றன. அவர்களுக்கு அவன் சொல்வது புரியவில்லை. ஆகவே தாங்கள் சொல்வதும் அவனுக்குப் புரியாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவன் சுவருக்கு அப்பால் கிடக்கிறான்.

நூலின் அட்டையில் பூச்சியை வரையக் கூடாது, தூரத்திலிருந்துகூடக் காட்டக் கூடாது என்று காஃப்கா பதிப்பாளருக்கு எழுதினார். அட்டையில் வந்தது, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதனும் பின்னால் இருளை நோக்கித் திறந்த கதவும். ஜெர்மன் மூலத்தில் அவர் கையாண்ட சொல் எந்தப் பூச்சியையும் குறிப்பிடுவதில்லை. வீட்டில் வேண்டாத, அழிக்க வேண்டிய சிற்றுயிர் என்ற அருவருப்பு மட்டும் அதில் இருக்கிறது. அதை வண்டு என்றோ கரப்பான் என்றோ உறுதியாக மொழிபெயர்ப்பவர்கள் அவர் மறைத்துவைத்ததைத் திறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து. அவனைப் பூச்சியாக முடித்துவைப்பது அந்தச் சொல்லும் இல்லை, தந்தை வீசி முதுகில் பதிந்துபோன ஆப்பிளும் இல்லை. அன்போடு உணவு கொண்டுவந்த தங்கை, கடைசியில், இந்தப் பிராணியின் முன்னால் என் அண்ணனின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாளே, அந்த வாக்கியம். அக்டேயானைப் பெயர் சொல்லிக் கூப்பிடவாவது ஆட்கள் இருந்தார்கள். கதையின் கடைசி வரியில் அந்தத் தங்கை எழுந்து தன் இளம் உடலை நெளித்துச் சோம்பல் முறிக்கிறாள். கூட்டிலிருந்து வெளிவந்தவள் அவள்தான்.

காஃப்காவுக்குப் பின் ஒரு தலைமுறை கழித்து, 1942இல், ஜப்பானிய எழுத்தாளர் நகாஜிமா அட்சுஷி ஒரு பழைய சீனக் கதையை மீண்டும் எழுதினார். பெருங்கவிஞனாக ஆசைப்பட்டுத் தோற்ற ஓர் அதிகாரி புலியாகிவிடுகிறான். விடியலில் அந்த வழியே வரும் பழைய நண்பனிடம் புதருக்குள் மறைந்தபடி பேசுகிறான். ஒரு நாளில் சில மணி நேரம்தான் மனித மனம் திரும்புகிறது. அந்த நேரமும் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதற்குள் தன் கவிதைகளில் முப்பது அளவில் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்கிறான். மனைவி மக்களைப் பற்றிய வேண்டுகோள் அதற்குப் பிறகுதான் வருகிறது. முதலில் அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காததால்தான் இப்படி ஆனேன் என்று அவனே சொல்லிக்கொள்கிறான். குரல் எஞ்சியிருக்கும் சில நிமிடங்களை ஒருவன் எதற்குச் செலவிடுவான் என்பதைப் பற்றி இதைவிட நேர்மையான கதையை நான் படித்ததில்லை.

டாஃப்னியின் மரம் வேறு மண்ணிலும் வளர்கிறது. ஏ.கே. ராமானுஜன் ஆங்கிலத்தில் தந்த ஒரு கன்னட நாட்டுப்புறக் கதையில், ஏழைப் பெண் ஒருத்தி தன் விருப்பத்தால் பூமரமாகிறாள். ஒரு குடம் நீரை ஊற்றினால் மரம். மற்றொரு குடத்தை ஊற்றினால் மறுபடி பெண். பூவைப் பறிக்கையில் கிளையையோ இலையையோ காயப்படுத்தாதே என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறாள். அக்காள் கேட்டு நடக்கிறாள். பின்னாளில் கணவனின் தங்கையும் அவளுடைய தோழிகளும் கேட்பதில்லை. கிளைகளை முறிக்கிறார்கள், நீரையும் ஒழுங்காக ஊற்றுவதில்லை. கையும் காலும் இல்லாத பாதி உடலாக அவள் மழையில் கிடக்கிறாள். கணவன் முறிந்த கிளைகளைச் சேர்த்துக் கட்டி நீர் ஊற்றும்வரை அவளுக்கு மீட்சியில்லை. கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் 2007 நாவலில் மரமாக விரும்பும் பெண் யங்-ஹே. கதையைச் சொல்பவை கணவனின் பார்வையும், அக்காள் கணவனின் பார்வையும், அக்காளின் பார்வையும்தான். அவளுடைய சொந்தக் குரல் சில கனவுத் துண்டுகளில் மட்டும் கசிகிறது. நாவலின் அமைப்பே மரப்பட்டையாகிவிட்டது.

தமிழில் இந்தக் கேள்வி அகலிகையிடம் வந்து நிற்கிறது. வான்மீகியின் காவியத்தில் அவள் கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் படாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடக்கும்படி சபிக்கப்படுகிறாள். கம்பர் அவளைக் கருங்கல்லாக்கினார். இராமனின் பாதத்தூசி பட்டு எழுந்தவளுக்காக விசுவாமித்திரர் வாதாடுகிறார்: ‘நெஞ்சினால் பிழைப்பு இலாளை’ ஏற்றுக்கொள் என்று அவள் கணவரான கௌதம முனிவரிடம் சொல்கிறார். அழகான சொல்தான். ஆனாலும் அவளுக்காக இன்னொருவர் பேசிய சொல். புதுமைப்பித்தன் ‘சாபவிமோசன’த்தில் அவளுக்கே பேச்சைக் கொடுத்தார். மீண்டு வந்தவள் ஊரின் பார்வைக்குக் கூசிக் கூசி வாழ்கிறாள். இராமன் சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் என்று சீதையின் வாயாலேயே கேட்டதும் அவளுக்குள் ஏதோ முறிகிறது. தன்னை மன்னித்தவனே இதைக் கேட்டானா? கணவனின் அணைப்பிலேயே அவள் மறுபடி கல்லாகிறாள். கம்பரில் கல் ஒரு தண்டனை. இங்கே அவள் சொல்லக்கூடிய ஒரே மறுப்பு அது. ஊமையாவதையே பேச்சாக்கிவிட்டார் அவர்.

சைவ மரபில் இந்த வரிசையையே புரட்டிப்போடும் இருவர் இருக்கிறார்கள். காரைக்காலின் புனிதவதியைக் கணவன் தெய்வமென்று அஞ்சி விட்டு விலகுகிறான். அவனுக்காகச் சுமந்த தசையை உதறிவிட்டுப் பேய் வடிவு தரும்படி அவர் சிவனிடம் வேண்டிப் பெறுகிறார். பாட்டு அதற்குப் பிறகுதான் பிறக்கிறது என்கிறது பெரியபுராணம். ‘பிறந்து மொழிபயின்ற பின்னெல்லாம்’ என்று தொடங்குகிறது அவருடைய அந்தாதி. மொழி பயின்றதையே தன் வாழ்வின் தொடக்கமாகச் சொல்கிறார். பதிகத்தில் தன்னைக் ‘காரைக்காற்பேய்’ என்று பெயர் சொல்லிக்கொள்கிறார். வற்றிய மார்பும் புடைத்த எலும்புமாய், கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த உருவத்தில் துயரம் துளியும் இல்லை. திருமூலரோ, இறந்துபோன மேய்ப்பனைச் சுற்றி நின்று கதறிய பசுக்களின் மேல் இரக்கப்பட்டு அவன் உடலுக்குள் புகுந்தவர். அந்த இரவல் உடலிலிருந்துதான் திருமந்திரம் வந்தது. தன்னை இறைவன் படைத்தது தமிழ் செய்வதற்காக என்று அவர் பாடினார்.

எல்லா உருமாற்றமும் பறிப்பதில்லை என்பதற்கு இவர்கள் சான்று. வேறுபாடு எங்கே என்று பார்த்தால், அம்மையார் கேட்டுப் பெற்றார். திருமூலர் தானே புகுந்தார். ஆனால் தானே விரும்பி எடுத்த உருவமும் எப்போதும் பாதுகாப்பாக இருப்பதில்லை. மணிமேகலை உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் வடிவெடுத்தாள். தன் மனைவிதான் வேற்றானிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நம்பிய காயசண்டிகையின் கணவன் வாளை எடுத்தான். உதயகுமரன் வெட்டுண்டு விழுந்தான்.

குரல் பறிபோவது ஓவிடுக்கே நேர்ந்தது. காவியம் முடியும் தறுவாயில் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடற்கரையிலுள்ள டோமிஸுக்கு நாடுகடத்தினார். இன்று அது ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சா. அங்கிருந்து எழுதிய கவிதைகளில், உருமாறிய உடல்களின் பட்டியலில் என் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். லத்தீன் பேச ஆளில்லை, என் மொழியே எனக்கு மறந்துவருகிறது என்று புலம்புகிறார். அவர் ரோமுக்குத் திரும்பவே இல்லை.

ஈயோ திரும்பினாள். ஜூனோவின் கோபம் தணிந்ததும் மயிர் உதிர்கிறது, கொம்பு சுருங்குகிறது, குளம்பு ஐந்து நகங்களாகப் பிரிகிறது. இரண்டு கால்களில் நிமிர்ந்து நிற்கிறாள். ஆனால் பேச அஞ்சுகிறாள். வாயைத் திறந்தால் பசுவின் குரல் வந்துவிடுமோ என்று. பிறகு, விட்டுப்போன சொற்களை, மெல்ல, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறாள்.